வம்பு செய்தவள் ஏன் மன்னிப்புக் கேட்பதில்லை? ‘மிராக்யுலஸ்’ தொடரின் கதைமரபு குறித்து

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: உங்கள் ஒன்பது வயது மகள் ‘மிராக்யுலஸ்’ கார்ட்டூனை விடாமல் பார்க்கிறாள், பெரும்பாலான கதைகளில் வகுப்பில் யாரோ ஒருவர் கேலிக்கு ஆளாகிறார், கேலிக்கு ஆளானவரே அரக்கராக மாறுகிறார், கதாநாயகி அவரைத்தான் அடக்குகிறாள், கேலி செய்த க்ளோயி மட்டும் அடுத்த கதையில் பழையபடி வந்து நிற்கிறாள். “அந்தப் பையன் என்னம்மா தப்பு செஞ்சான்?” என்று மகள் கேட்டதற்கு உங்களிடம் பதில் இல்லை. இது எழுதியவர்களின் கவனக்குறைவா, வேண்டுமென்றே செய்ததா என்று அறிய விரும்புகிறீர்கள்.

கவனக்குறைவு இல்லை. இந்தத் தொடர் ஓடுவதற்காக அமைத்துக்கொண்ட சில கதைவிதிகள் இருக்கின்றன; அந்த விதிகள் மன்னிப்பு என்ற ஒன்றுக்கு இடமே இல்லாதபடி பொருந்தியிருக்கின்றன. எழுதியவர்களுக்கே அது பின்னாளில் இடைஞ்சலாகி, ஐந்தாம் பருவத்தில் (சீசனில்) அவர்களே தங்கள் விதிகளோடு மல்லுக்கு நிற்க வேண்டி வந்தது என்பது என் கணிப்பு. சற்று நீளமாகவே சொல்கிறேன்.

பின்னணியைச் சுருக்கிக் கொள்ளலாம். தோமா அஸ்த்ரூக் உருவாக்கிய இந்தத் தொடரைப் பிரான்சின் ஸாக்டூன், மெத்தட் அனிமேஷன் நிறுவனங்கள் ஜப்பானின் டோயே அனிமேஷன், தென் கொரியாவின் சாம்ஜி ஆகியவற்றோடு சேர்ந்து தயாரித்தன. 2015 செப்டம்பர் 1 அன்று தென் கொரியாவிலும் அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று பிரான்சிலும் ஒளிபரப்புத் தொடங்கியது. கதை நடப்பது பாரிஸில். ரொட்டிக்கடைக்காரர் மகள் மரினெட், லேடிபக் என்ற வீராங்கனை; அவளுடைய வகுப்புத் தோழன் ஏட்ரியன், கேட் நுவார் என்ற வீரன்; இருவருக்கும் மற்றவர் யாரென்று தெரியாது. எதிரி ஹாக் மோத். இவன் நேரில் வந்து சண்டையிடுவது அபூர்வம். ஊரில் யாராவது மனம் நொந்து கோபத்தோடு இருக்கும்போது கறுத்த பட்டாம்பூச்சி ஒன்றை அனுப்புவான். அதன் பெயர் அகூமா. ஜப்பானிய மொழியில் பேய் என்று பொருள். அந்த நேரத்தில் அவர் கையில் உள்ள ஒரு பொருளுக்குள் அது புகுந்துகொள்ளும். மனம் நொந்தவர் அரக்கராக மாறுவார். லேடிபக் அந்தப் பொருளை உடைத்து, பட்டாம்பூச்சியைப் பிடித்து வெள்ளையாக்கிப் பறக்கவிடுவாள்.

இங்கேதான் முதல் முடிச்சு இருக்கிறது. பழைய சூப்பர்ஹீரோ கதைகளில் தீங்கு செய்பவனும் அடி வாங்குபவனும் ஒருவனே. வங்கியைக் கொள்ளையடித்தவனைத்தான் கதாநாயகன் பிடிப்பான். ‘மிராக்யுலஸ்’ அந்த இருவரையும் பிரித்துவிட்டது. தீங்கைத் தொடங்குபவர் ஒருவர், அதனால் அரக்கராகுபவர் மற்றொருவர், அதை ஏவிப் பயனடைபவன் மூன்றாமவன். சண்டை நடப்பது நடுவில் இருப்பவரோடு மட்டும். கேலி செய்தவர் அந்த இருபது நிமிடத்தின் பெரும்பகுதியில் துரத்தப்படுபவராக, காப்பாற்றப்பட வேண்டியவராக மாறிவிடுகிறார். குற்றவாளிதான் இப்போது ஆபத்தில் இருப்பவர் என்பதால் பார்ப்பவரின் இரக்கம் இடம் மாறிவிடுகிறது. கதை முடியும்போது அவரிடம் கணக்குக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

தொடரின் தோற்றக் கதையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பகுதிகளாக வந்த அந்தக் கதையில் ஈவான் என்ற பருத்த, கூச்ச சுபாவமுள்ள பையனிடம் வகுப்புத் தோழன் கிம் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டுகிறான். வகுப்புத் தோழி மிலேனைப் பிடித்திருக்கிறது என்று அவளிடம் சொல்லக்கூடத் துணிவில்லாத கோழை என்பதே அதில் எழுதியிருப்பதன் சாரம். ஈவான் கோபத்தில் எழுந்து நிற்கிறான். ஆசிரியை கண்டது அவன் கோபத்தை மட்டும்தான், காகிதத்தை அல்ல. தலைமையாசிரியர் அறைக்குப் போகச் சொல்லிவிடுகிறார். கசக்கிய காகிதம் அவன் கைமுட்டிக்குள்ளேயே இருக்கிறது. அகூமா புகுவது அதற்குள்தான். ஈவான் கல் அரக்கனாகிறான், அவனுக்கு ஒரு தனித்தன்மை உண்டு: ஒவ்வொரு அடி விழும்போதும் அவன் இன்னும் பெரிதாகிறான். கேட் நுவார் ஓங்கி அடித்துப் பார்த்துத் திகைக்கிறான். லேடிபக்தான் அடிப்பதை விட்டுவிட்டு, மூடிய முட்டியைத் திறக்க வைப்பது எப்படி என்று யோசிக்கிறாள்.

குழந்தைகளுக்கான தொடரில் சீண்டலைப் பற்றி இவ்வளவு துல்லியமாகச் சொன்ன உருவகம் அதிகம் இல்லை. ஆனால் அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். ஈவான் தன் உருவத்துக்குத் திரும்பி வகுப்புக்கு வருகிறான். தான் என்ன செய்தான் என்பதே அவனுக்கு நினைவில்லை. க்ளோயி எல்லோர் முன்னிலையிலும் அவனைப் பார்த்து, ஒரு தடவை அரக்கனானவன் எப்போதும் அரக்கன்தான் என்ற பொருளில் பேசுகிறாள். அவன் மறுபடியும் வெளியேறுகிறான், மறுபடியும் கல்லாகிறான். கிம்மைப் பற்றிப் பேச்சில்லை. அந்தக் காகிதத்தை எழுதிய கை கதையிலிருந்து நழுவிவிட்டது. உங்கள் மகள் விரல் வைத்திருப்பது இந்த இடத்தில்தான்.

இந்த அமைப்பு பாரிஸில் பிறந்ததல்ல. ஜப்பானிய மந்திரச் சிறுமிக் கதைகளில் பாதிக்கப்பட்டவர்களிடமிருந்தே அரக்கர் எழுவது பழைய வழக்கம். 1992இல் தொடங்கிய ‘செய்லர் மூன்’ அனிமேயிலேயே மனிதர்கள் அரக்கர்களாக மாற, கதாநாயகி அவர்களைக் கொல்லாமல் குணப்படுத்தும் கதைகள் உண்டு. அதைவிடப் பொருத்தமான ஒப்பீடு 2010இல் டோயே தயாரித்த ‘ஹார்ட்கேட்ச் ப்ரீக்யூர்’. அதிலும் மனம் வாடியவரின் இதயப்பூவிலிருந்துதான் அரக்கன் உருவாகிறான். ஆனால் அந்த அரக்கன் சண்டையிட்டுக்கொண்டே, உள்ளே சிக்கியவரின் மனக்குறையை உரக்கக் கத்துவான். அம்மா என்னைக் கவனிப்பதில்லை, தோழி என்னை ஒதுக்கிவிட்டாள் என்று எல்லாம் வெளியே வந்துவிடும். கதாநாயகிகள் அதைக் கேட்டு, சண்டைக்குப் பிறகு அந்தக் குறையோடு தொடர்புடைய மனிதரிடம் போவார்கள். அதாவது அங்கே அரக்கனின் வாய், காயத்தின் வாய். ‘மிராக்யுலஸ்’ அரக்கர்களும் தங்கள் குறையைச் சொல்வார்கள், ஆனால் பழிவாங்கும் வசனமாகச் சொல்வார்கள்; ஹாக் மோத் கேட்கும் நகைகளை, அதாவது லேடிபக்குக்கும் கேட் நுவாருக்கும் சக்தி தரும் மந்திர நகைகளை, கொண்டுவரும் வேலையும் இடையில் சேர்ந்துவிடுவதால் குறை இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. ஒரே மரபிலிருந்து வந்த இரண்டு தொடர்களில் ஒன்று கேட்கிறது, மற்றொன்று அடக்குகிறது.

இரண்டாவது முடிச்சு இதைவிட இறுக்கமானது. சண்டை முடிந்ததும் லேடிபக் தன் மந்திரப் பொருளை வானில் வீசி “மிராக்யுலஸ் லேடிபக்!” என்று கூவுவாள்; பொறிவண்டுகள் ஊரெங்கும் பாய்ந்து இடிந்த கட்டடம், கவிழ்ந்த கார், உறைந்த மனிதர் என்று எல்லாவற்றையும் முன்பிருந்தபடி ஆக்கிவிடும். அரக்கரானவருக்கோ நடந்தது எதுவும் நினைவிருக்காது. எழுந்து உட்கார்ந்து, நான் எங்கே இருக்கிறேன் என்று விழிப்பார். தயாரிப்பு நோக்கில் இது மிகவும் வசதி. வாரந்தோறும் பாரிஸை இடிக்கலாம், யாரும் சாக வேண்டாம், எந்தக் குழந்தையும் பயந்து தூக்கம் கெட வேண்டாம். அறம் என்ற நோக்கில் பார்த்தால்தான் விலை தெரிகிறது. மன்னிப்புக் கேட்க இரண்டு பொருள் வேண்டும்: நடந்ததன் நினைவு ஒன்று, நடந்ததன் சேதம் இன்னொன்று. இந்த ஒற்றை மந்திரம் சேதத்தைத் துடைக்கிறது; அகூமா விலகும்போது நினைவையும் கொண்டுபோய்விடுகிறது. மிச்சமிருப்பது முதலில் விழுந்த அந்தச் சின்னக் காயம் மட்டும். காகிதத்தில் இருந்த வரி, பூட்டிய கதவு. பொறிவண்டுகள் அதைத் தொடுவதில்லை. அதைத் தொட ஒரு மனிதர்தான் வர வேண்டும், ஆனால் ஒளிபரப்பு நேரம் முடிந்துவிட்டது.

பூட்டிய கதவு என்றது சும்மா சொல்லவில்லை. முதல் பருவத்தில் ஜூலேகா என்றொரு பெண்ணின் கதை வரும். எந்த வகுப்புப் புகைப்படத்திலும் அவள் முகம் சரியாக விழுந்ததில்லை. தனக்கு ஏதோ சாபம் என்று நம்புகிறாள். இந்த ஆண்டாவது விழட்டும் என்று அவள் நிற்க, க்ளோயியின் ஏற்பாட்டில் அவளைக் கழிப்பறையில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். படம் அவள் இல்லாமலே எடுக்கப்படுகிறது. அவள் எல்லோரையும் தன்னைப் போலவே ஆக்கிவிடும் அரக்கியாகிறாள், வழக்கமான சண்டை நடக்கிறது, ஊர் சரியாகிறது. அதன் பிறகு மரினெட் செய்வதுதான் எனக்குப் பிடித்த பகுதி: வகுப்புத் தோழர்களைப் பூங்காவுக்கு அழைத்துப்போய் ஜூலேகாவோடு மறுபடி ஒரு படம் எடுக்க வைக்கிறாள். மந்திரத்தால் சரிசெய்ய முடியாததை ஒரு கேமராவால் சரிசெய்கிறாள். ஆனால் ஈடுசெய்தது யார் என்று பாருங்கள். பூட்டியவள் அல்ல, பக்கத்தில் நின்றவள். இந்தத் தொடரில் தொடர்ந்து வரும் வழக்கம் இது. ஈடுசெய்யும் வேலை நல்ல பிள்ளையின் தலையில் விழுகிறது. பள்ளிக்கூடம் போன எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது.

மூன்றாவது காரணம் கலை சம்பந்தப்பட்டதே அல்ல, வியாபாரம் சம்பந்தப்பட்டது. முதல் பருவத்தின் 26 கதைகள் நாட்டுக்கு நாடு வேறு வேறு வரிசையில் ஒளிபரப்பாயின. தோற்றக் கதையே பல இடங்களில் மிகவும் பிந்தித்தான் வந்தது. எந்தக் கதையை எப்போது போட்டாலும் புரிய வேண்டும் என்றால் ஒவ்வொரு கதையின் முடிவிலும் எல்லோரும் தொடங்கிய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். க்ளோயி இன்று உண்மையாக மனம் திருந்தி மன்னிப்புக் கேட்டுவிட்டால், நாளை போடவிருக்கும் கதையில் அவள் பழைய வம்புக்காரியாக வருவது பொய்யாகிவிடும். அடுத்த கதையின் அகூமாவுக்குத் தீனி போடுபவளே அவள்தான். நத்தானியேலின் ஓவியத்தைக் கிண்டலடிப்பவள், காணாமல் போன வளையலுக்காக ஊரையே கூட்டுபவள், வகுப்புப் பிரதிநிதித் தேர்தலில் மற்றவர்களை மிரட்டுபவள் எல்லாம் அவளே. கதை எழுதும் மேசையில் க்ளோயி ஒரு பாத்திரம் என்பதைவிட ஒரு தீக்குச்சி. தீக்குச்சி திருந்திவிட்டால் அடுப்பு எரியாது.

இத்தனைக்கும் நடுவே, இந்தத் தொடரின் ரசிகர்கள் எவரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் காட்சி ஒரு மன்னிப்புக் காட்சியைப் போன்றதுதான். தோற்றக் கதையின் கடைசியில் வரும் குடைக் காட்சி. அதற்குச் சற்று முன்பு நடந்தது: மரினெட் உட்காரும் இடத்தில் க்ளோயியும் அவள் தோழி சப்ரினாவும் சூயிங்கம் ஒட்டியிருந்தார்கள், அதை அகற்றக் குனிந்த புதுப் பையன் ஏட்ரியனைப் பார்த்து, ஒட்டியவனே அவன்தான் என்று மரினெட் எண்ணிவிட்டாள். இப்போது பள்ளி முடிந்து மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. வாசற்படியில் அவள் குடையில்லாமல் நிற்கிறாள். ஏட்ரியன் பக்கத்தில் வந்து நிற்கிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவன் மழையைப் பார்த்தபடி பேசுகிறான்: அந்தச் சூயிங்கத்தை எடுக்கத்தான் முயன்றேன், எனக்கு இதற்கு முன் பள்ளிக்கூடமே தெரியாது, நண்பர்களும் இருந்ததில்லை, எல்லாமே எனக்குப் புதிது என்று. பிறகு தன் குடையை அவளிடம் நீட்டுகிறான். இடி இடிக்கிறது. அவள் தயங்கி வாங்குகிறாள். வாங்கிய நொடியில் குடை அவள் தலைமேல் மடங்கி மூடிக்கொள்கிறது. அவன் சிரித்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே போய்விடுகிறான்.

இந்தக் காட்சி ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முதல் காரணம், இதில் மந்திரம் எதுவும் இல்லை. முகமூடி இல்லை, அகூமா இல்லை, துடைத்துவிடும் பொறிவண்டுகளும் இல்லை. நடந்தது என்ன என்பதை அவன் பெயர் சொல்லிப் பேசுகிறான், தன் பலவீனத்தைத் திறந்து வைக்கிறான், ஒரு பொருளைக் கொடுக்கிறான், பதிலை எதிர்பார்த்து நிற்காமல் கிளம்பிவிடுகிறான். மரினெட் அந்த இடத்தில் மன்னிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குடையை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும். இரண்டாவது காரணம் பொருள்களைப் பற்றியது. இந்தத் தொடரில் மனவலி எப்போதும் ஒரு பொருளுக்குள் தான் குடியேறும், அந்தப் பொருளை உடைத்தால்தான் விடுதலை. குடை அதற்கு நேர் எதிரானது. வலி நீங்கியதன் அடையாளமாக ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு முழுசாகப் போகும் பொருள் அது. எழுதியவர்கள் இதைத் திட்டமிட்டார்களா என்று நான் வாதிடப் போவதில்லை. ஆனால் ஒரே கதைக்குள் ஒரு முட்டியில் கசங்கிய காகிதமும் இன்னொரு கையில் விரிந்த குடையும் இருப்பது தற்செயல் என்று நம்பக் கடினமாக இருக்கிறது.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. அந்தப் படியில் நின்று விளக்கம் சொன்னவன் எந்தத் தப்பும் செய்யாதவன். சூயிங்கம் ஒட்டிய க்ளோயி வீட்டுக்குப் போய்விட்டாள். தொடரின் மிக அழகான மன்னிப்புக் காட்சியே, மன்னிப்புக் கேட்க வேண்டாதவன் வாயிலிருந்து வருகிறது.

இந்த இடத்தில் நம் மொழியைப் பற்றி ஒரு சொல். தமிழில் நாம் மன்னிப்பைக் “கேட்கிறோம்”. நேரில் சொல்லும்போது “மன்னிச்சிடு” என்கிறோம். அது இலக்கணப்படி ஏவல்வினை. தப்பு செய்தவர், அடிபட்டவருக்கு இடும் வேலை அது. “நான் செஞ்சது தப்பு” என்று நிறுத்திக்கொள்வதற்கும் “மன்னிச்சிடு” என்பதற்கும் இடையில் உள்ள இந்தத் தூரத்தை மகளிடம் பேசும்போது நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம், ஏனென்றால் இந்தத் தொடர் தடுமாறுவதும் அதே தூரத்தில்தான். ஏட்ரியன் குடையை நீட்டியபோது எந்த ஏவலும் இடவில்லை.

ஏவல் இட்டால் என்ன ஆகும் என்பதையும் முதல் பருவத்தின் இறுதிக் கதை காட்டுகிறது. புதிதாக வந்த லீலா, தான் லேடிபக்கின் நெருங்கிய தோழி என்று ஏட்ரியனிடம் பொய் சொல்கிறாள். மரினெட்டுக்குப் பொறாமை. உடனே லேடிபக்காக மாறி வந்து, ஏட்ரியன் கண்முன்னேயே லீலாவைப் பொய்க்காரி என்று கிழித்துப் போடுகிறாள். இங்கே வம்பு செய்தவள் கதாநாயகியே. அதுவும் முகமூடியின் அதிகாரத்தோடு, தன் சொந்தக் கோபத்தை ஊருக்கான நீதியாக மாற்றி. லீலா அரக்கியாகிறாள், தோற்கிறாள், தன் உருவத்துக்குத் திரும்புகிறாள். லேடிபக் வருத்தம் தெரிவிக்கிறாள். லீலா ஏற்கவில்லை, நாம் தோழிகள் இல்லை, எப்போதும் ஆகப்போவதும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

பொதுவாக இந்தக் காட்சியை லீலாவின் கெட்ட குணத்துக்குச் சான்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவமானம் நடந்தது அவள் விரும்பிய பையன் முன்னால். வருத்தம் தெரிவிக்கப்பட்டபோது, அவளுக்குத் தெரிந்தவரை, அந்தப் பையன் அங்கே இல்லை. நாலு பேர் முன்னால் அடித்துவிட்டு நாலு சுவருக்குள் தடவிக்கொடுப்பது என்று சொல்வார்களே, அதுதான். பொய் சொன்னது லீலாவின் தப்பு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் மன்னிக்க மறுக்கும் உரிமையை ஒரு குழந்தைத் தொடர் ஒரு பாத்திரத்துக்கு வழங்கியது துணிச்சலான செயல். பிந்தைய பருவங்களில் அவளை முழு வில்லியாக்கி, ஐந்தாம் பருவ முடிவில் ஹாக் மோத்தின் சக்திக்கு மூலமான பட்டாம்பூச்சி நகையையே அவள் கைக்குக் கொண்டுவந்து சேர்த்ததன் மூலம் அந்தத் துணிச்சலைக் கொஞ்சம் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்பது வேறு கதை. மன்னிக்க மறுத்தவள் வில்லியாகியே தீர வேண்டும் என்ற கதைமரபு அவ்வளவு வலிமையானது.

இரண்டாம் பருவத்தில் பூஸ்தியே ஆசிரியையின் பிறந்தநாளில் வரும் கதையும் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. மரினெட் தன் கையால் செய்த பரிசை க்ளோயி பாழாக்கிவிடுகிறாள். மரினெட் கோபத்தில் பொங்க, அகூமா அவளைத் தேடி வருகிறது. ஆசிரியை அவளைச் சமாதானப்படுத்துகிறார்: க்ளோயியின் நிலையைப் புரிந்துகொள், நீ விட்டுக்கொடு, நீ முன்மாதிரியாக இரு என்ற தொனியில். எழுதியவர்களின் நோக்கம் நல்லதுதான். கோபத்தை அணைத்தால் அகூமாவுக்கு இடமில்லை என்ற கதைவிதிப்படி அது சரியும்கூட. ஆனால் அந்த விதிப்படி பார்த்தால் பாதிக்கப்பட்டவளின் கோபம்தான் ஊருக்கு ஆபத்து, வம்பு செய்தவளின் செயல் அல்ல என்றாகிவிடுகிறது. இதை நான் ஏற்கவில்லை. பரிசைப் பாழாக்கியவளை அழைத்துப் பேசாமல், பரிசைச் செய்தவளிடம் பெருந்தன்மையை வேண்டும் ஆசிரியர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எதிரி கோபத்தைத் தின்று வளர்பவன் என்று ஒரு தொடர் முடிவு செய்துவிட்டால், நியாயமான கோபத்துக்கும் அநியாயமான கோபத்துக்கும் வேறுபாடு சொல்லும் வழி அதற்கு அடைபட்டுவிடுகிறது.

க்ளோயியைத் திருத்தவே முயலவில்லை என்று சொல்வதும் சரியல்ல. இரண்டாம் பருவத்திலிருந்து முயன்றார்கள், ஆனால் சூப்பர்ஹீரோ வகைக்கே உரிய ஒரு குறுக்குவழியில். தேனீயின் சக்தியுள்ள நகை தற்செயலாக அவள் கையில் கிடைக்கிறது. தன்னை மதிக்காத தாய் ஆட்ரி முன்னால் வீராங்கனையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஓடும் மெட்ரோ ரயிலை ஆபத்தில் சிக்க வைத்துத் தானே காப்பாற்றுவதாக நாடகமாடுகிறாள். அது கைமீறிப் போகிறது. அந்தக் கதையின் முடிவில் தாயையும் மகளையும் சேர்த்துவைப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? மரினெட்தான். அதற்குப் பிறகு லேடிபக் அவளை நம்பி நகையைக் கொடுக்க, க்வீன் பீயாகச் சில கதைகளில் அவள் உண்மையாகவே உதவுகிறாள். இங்கே செயல்படும் மரபு, வீரச்செயல் மன்னிப்புக்கு ஈடு என்பது. உயிரைப் பணயம் வைத்து ஊரைக் காப்பாற்றினால் பழைய கணக்கு நேர்செய்யப்பட்டதாக வைத்துக்கொள்வார்கள். ஆனால் ஜூலேகாவிடமோ மரினெட்டிடமோ அவள் பட்ட கடன், பாரிஸைக் காப்பாற்றினால் அடைபடக்கூடியதா? கடன் வாங்கியது ஒருவரிடம், திருப்பிக் கொடுப்பது ஊருக்கு. அதனால் மூன்றாம் பருவ இறுதியில் நகை தனக்கு இனிக் கிடைக்காது என்ற ஆத்திரத்தில் அவள் ஹாக் மோத்தின் பக்கம் சேர்ந்துகொண்டபோது, பல ரசிகர்கள் ஏமாற்றப்பட்டதாகக் கொதித்தாலும், எனக்கு அது கதைப்படி பொருத்தமாகவே பட்டது. அவளுக்குக் கிடைத்தது கைதட்டல் மட்டும். கைதட்டல் நின்றதும் மாற்றமும் நின்றது. என் குறை வேறு. அவள் திருந்தியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திருந்துவதற்கான நேர்வழியை, அதாவது ஒருவர் முன்னால் போய் நின்று பேசுவதை, முயன்று பார்த்துத் தோற்றிருக்கலாம். அந்த முயற்சிக்கே மையமான இடம் கிடைக்கவில்லை.

ஐந்தாம் பருவத்தில், 2022க்கும் 2023க்கும் இடையில், தொடர் தன் விதிகளை மீறத் தொடங்கியது. நான்காம் பருவத்திலேயே ஒரு சின்ன மாற்றம் வந்திருந்தது: ஒருமுறை அரக்கரானவர் மறுபடி ஆகாமலிருக்க லேடிபக் ஒரு தாயத்தைக் கொடுக்கத் தொடங்கினாள், ஆக பாதிக்கப்பட்டவரின் கையில் ஒரு நினைவுப்பொருள் மிச்சமாகியது. ஐந்தாம் பருவத்தில் வரும் ஒரு கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. மரினெட்டுக்குக் காதல் என்றாலே ஏன் கைகால் உதறுகிறது, நாக்குக் குழறுகிறது? இத்தனை பருவங்களாக நாம் நகைச்சுவையாகச் சிரித்து வந்த அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம், முந்தைய ஆண்டில் க்ளோயி திட்டமிட்டு கிம்மைக் கருவியாக வைத்து நடத்திய ஒரு குரூரமான வேடிக்கை என்று அது வெளிப்படுத்துகிறது. பொறிவண்டுகளால் துடைக்க முடியாத சேதம் இருக்கிறது என்று தொடர் தானே ஒப்புக்கொண்ட இடம் இது. அன்று அரக்கனாவது யார் தெரியுமா? மரினெட் அல்ல, கிம். தன் வேடிக்கை ஒருத்தியை என்ன செய்துவிட்டது என்று உணர்ந்த குற்றவுணர்ச்சிதான் அகூமாவை அழைத்து வருகிறது. காயத்தைத் தின்று வளர்ந்த பட்டாம்பூச்சி, முதல் கதையில் காகிதத்தை எழுதியவனின் குற்றவுணர்ச்சியைத் தேடி வர இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

க்ளோயிக்கோ அந்தப் பருவத்தின் முடிவில் கிடைப்பது வெளியேற்றம். தாயோடு பாரிஸை விட்டே அனுப்பப்படுகிறாள். விட்டுக்கொடு என்ற பூஸ்தியே ஆசிரியை நகரத் தந்தையின் நாற்காலிக்கு வருகிறார். பிரான்சில் பள்ளிச் சீண்டல் 2022 மார்ச் 2ஆம் தேதியச் சட்டத்தின்படி தனிக் குற்றமாக்கப்பட்டது. தொடக்கப் பள்ளியில் சீண்டலுக்கு ஆளான பிள்ளையை இடம் மாற்றும் பழைய வழக்கத்துக்கு மாறாகச் சீண்டிய மாணவரையே வேறு பள்ளிக்கு அனுப்ப வழிசெய்யும் ஆணை 2023 ஆகஸ்டில் வந்தது. தொடரின் முடிவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. ஆனால் பிரெஞ்சுப் பெற்றோர் அந்த வெளியேற்றத்தை எந்தச் சூழலில் பார்த்திருப்பார்கள் என்பது புரியும். தண்டனை வந்துவிட்டது, மன்னிப்பு வரவில்லை. இரண்டும் வேறு வேறு என்பதையும் அது காட்டிவிட்டது.

மகளின் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பையன் எந்தத் தப்பும் செய்யவில்லை என்றே சொல்லுங்கள், அது உண்மை. பிறகு தோற்றக் கதையின் இரண்டு பகுதிகளையும் அவளோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். இரண்டாவது முறை ஈவான் கல்லாகும்போது அவன் முட்டிக்குள் இருப்பது கிம் கொடுத்த காகிதம் அல்ல. மிலேனுக்காக அவனே எழுதிய பாட்டு. அவன் கரகரத்த குரலில் கத்திப் பாடியதில் அவள் பயந்து ஓடிவிட்டாள். ஈஃபில் கோபுரத்தின் உச்சியில் எல்லாம் அடங்கிய பின் லேடிபக் அந்தக் காகிதத்தை எடுத்து மிலேனிடம் கொடுக்கிறாள். அவள் கசங்கலை நீவிப் பிரித்து வாசித்துவிட்டு, ஈவானைக் கட்டிக்கொள்கிறாள். அந்த இடத்தில் நிறுத்தி, முதல் காகிதம் இப்போது எங்கே இருக்கும், அதை எழுதியவன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று மகளிடமே கேட்டுப் பாருங்கள். எழுத்தாளர்கள் அதைக் கேட்டுக்கொள்ள ஐந்து பருவங்கள் எடுத்துக்கொண்டார்கள். அவள் முதல் முறையிலேயே கேட்டிருக்கிறாள்.